சில்லறை என்று எழுதாத கணக்கு

கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் நடுவே, ரயில் பாதையை ஒட்டி அமைந்திருக்கும் சோமனூரில் பிறந்து வளர்ந்த என் போன்றவர்களுக்குச் சிக்கனத்தைப் பற்றி யாரும் தனியாக உபதேசம் செய்ய வேண்டிய அவசியம் நேர்ந்ததில்லை. பைக்காரா நீர்மின் திட்டம் 1932-ல் மின்சாரம் தரத் தொடங்கியதன் பயனாகக் கோவை ஜில்லாவில் நூற்பாலைகள் பெருகின. பின்னர் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் கைத்தறி இருந்த இடத்தில் விசைத்தறி வந்தது. எனக்கு நினைவு தெரிந்த எழுபதுகளில் ஊரில் பாதி வீடுகளுக்குப் பின்கட்டில் ஒரு தறிக்கூடம் இருந்தது. எங்கள் வீட்டிலும் நான்கு தறிகள் ஓடின. ஆனால் தறி சொந்தமாக இருந்ததே தவிர, அதில் ஓடிய நூல் சொந்தமன்று. ஜவுளி உற்பத்தியாளர் கொடுக்கும் பாவையும் ஊடை நூலையும் வாங்கி வந்து, காடாத் துணியாக நெய்து, மடித்துக் கொண்டுபோய் ஒப்படைத்து, மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி வருவதுதான் எங்கள் ஜீவனம்.

இந்தத் தொழிலில் பெரிய விஷயங்கள் எவையும் நெய்கிறவன் கையில் இல்லை. பஞ்சு விலை ஏறினால் நூல் விலை ஏறும். நூல் விலை ஏறினால் பாவு வருவது நிற்கும். வடநாட்டுச் சந்தையில் துணி தேங்கினால் இங்கே தறி நிற்கும். மின்வெட்டு வந்தால் அன்றைய கூலி அன்றோடு போயிற்று. கூலி எவ்வளவு என்பதையும் நாங்கள் நிர்ணயிப்பதில்லை. இப்படி வரவின் பக்கம் முழுவதும் பிறர் வசமிருக்க, குடும்பத்தின் சுவாதீனத்தில் எஞ்சி நின்றது செலவின் பக்கம் ஒன்றே. அதிலும் வாடகை, மின்கட்டணம், மோட்டார் பழுது போன்ற பெருஞ்செலவுகள் நம் இஷ்டப்படி குறைகிறவை அல்லவாதலால், தினந்தோறும் காசும் அரைக்காசுமாகக் கழிகிற சிறு செலவுகளில்தான் எங்கள் வீட்டின் ராஜ்யபாரம் நடந்தது. அந்த ராஜ்யத்தை ஆண்டவர் அம்மா.

அம்மா படித்தது ஐந்தாம் வகுப்பு வரையில்தான். கணக்கு எழுத நோட்டுப் புத்தகம் வாங்குவதே வீண்செலவு என்பது அவருடைய அபிப்பிராயம். சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் காலையில் கிழிக்கும் தாளை அவர் எறிந்து நான் பார்த்ததில்லை. அந்தத் தாளின் பின்பக்கம் வெறுமையாக இருக்கும். அன்று இரவு, தறிகள் நின்ற பிறகு, திண்ணை விளக்கின் கீழ் உட்கார்ந்து, முந்தைய நாளின் முகூர்த்தமும் ராகுகாலமும் அச்சிட்ட அதே தாளின் முதுகில் அன்றைய செலவை எழுதுவார். எழுதிய தாள்களைச் சமையலறைச் சுவரில் ஒரு கம்பியில் வரிசையாகக் குத்தி வைப்பார். மாதக் கடைசியில் கம்பியை உருவி, கூட்டிப் பார்த்து, நூலால் கட்டித் தகரப் பெட்டிக்குள் வைத்துவிடுவார். ஒரு வருஷத்துச் செலவு முழுவதும் பன்னிரண்டு சிறு கட்டுகளாக அந்தப் பெட்டிக்குள் கிடக்கும்.

அந்தக் கணக்கில் ஒரு நியமம் உண்டு. அதை அம்மா யாருக்காகவும் தளர்த்தியதில்லை. 'சில்லறை' என்றோ 'இதரச் செலவு' என்றோ ஒரு வரி அதில் எழுதக் கூடாது. ஐந்து காசுக்குக் கறிவேப்பிலை வாங்கினால் கறிவேப்பிலை என்றே எழுத வேண்டும். தீப்பெட்டி என்றால் தீப்பெட்டி. அப்பா ஒரு நாள் இரவு, உடம்பு அலுப்பில், மிச்சம் நாற்பது காசுக்குக் கணக்கு நினைவில்லை, சில்லறை என்று எழுதிக்கொள் என்று சொன்னார். அம்மா பென்சிலைத் தாள்மேல் வைத்துவிட்டுக் காத்திருந்தார். "ஏனுங்க, நாப்பது காசு போனாப் போச்சாதுங். ஆனா எங்க போறேன்னு நம்மகிட்டச் சொல்லிட்டுப் போகோணுமில்லீங்களா?" என்றார் கடைசியில். கோபமோ குற்றச்சாட்டோ அந்தக் குரலில் இல்லை. அப்பா சற்று நேரம் யோசித்து, பாவு பிணைக்க வந்தவருக்கு டீ வாங்கிக் கொடுத்ததை நினைவுபடுத்திச் சொன்னார். அம்மா அதை எழுதினார். எழுதியதோடு, விருந்தாளிக்கு வாங்கிய டீ செலவில் சேராது, அது மரியாதையில் சேரும் என்றும் சொன்னார்.

அந்த நியமத்தின் சூட்சுமம் எனக்கு வெகு காலம் கழித்தே முழுதாக விளங்கிற்று. ஒரு குடும்பத்தைக் கடனில் தள்ளுகிற செலவுகளைத் தேடிப் பார்த்தால், கல்யாணம், வைத்தியம் ஆகிய இரண்டையும் ஒதுக்கிவிட்டு நோக்கும்போது, அவற்றில் பெரும்பகுதி பெயரில்லாத செலவுகளாகவே இருக்கும். பெயர் வைத்த செலவை மறுநாள் பார்த்து, இது வேண்டுமா வேண்டாமா என்று கேட்கலாம். பெயரற்ற செலவை யாரும் எதுவும் கேட்க முடியாது. அம்மா செலவைக் குறைக்கச் சொல்லி எவரையும் கண்டித்ததில்லை. எழுதியதை ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் கேட்க வாசிப்பார். குறைய வேண்டியது தானே குறையும்.

அப்படிக் குறைந்தவற்றுள் முதலாவது டீ. எங்கள் பக்கத்துத் தறிக்கூடங்களில் டீக்குத் தனி ஸ்தானம் உண்டு. நாடா ஓடும் இரைச்சலில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறவனுக்கு வெளியே காற்றில் போய் நின்று ஒரு டீ குடிப்பது வாய்க்கு மட்டுமான சுகமன்று. காதுக்கும் காலுக்கும் அது ஓய்வு. ஆதலால் அம்மா அதை நிறுத்தச் சொல்லவில்லை. காலையிலும் மாலையிலும் தூக்குப் போசி நிறைய டீ போட்டுத் தறிக்கூடத்து வாசலில் வேப்பமரத்தடியில் கொண்டுவந்து வைத்தார். ஓய்வும் கிடைத்தது, கடைக்குப் போனால் டீயோடு வருகிற வடையும் பீடியும் வெற்றிலையும் கணக்கிலிருந்து தாமே விலகிக்கொண்டன. ஒரு செலவைக் குறைக்கும்போது அந்தச் செலவு எந்தத் தேவையைத் தீர்த்து வந்ததோ அந்தத் தேவையைக் குறைக்கலாகாது என்ற பெரிய பாடத்தை நான் கற்ற இடம் அந்த வேப்பமரத்தடிதான்.

இரண்டாவது, காசுக்குக் காசு வாங்கும் வழக்கம். வாரக் கூலிக்காரன் வீட்டில் எண்ணெய் அரைக்கால் படியும், பருப்பு நூறு கிராமும், தூள் ஒரு பொட்டலமுமாக அன்றாடம் கடைக்குப் போய் வாங்குவதே நடைமுறை. கையில் மொத்தமாகப் பணமில்லாதவன் அதே சாமானுக்கு உள்ளவனைவிட அதிக விலை கொடுக்கிறான் என்பது உலகமெங்கும் உள்ள அநியாயம். அம்மா அதை ஒரே நாளில் மாற்ற முயலவில்லை. முதலில் உப்பும் புளியும் மிளகாயும், அடுத்த பருவத்தில் துவரம்பருப்பும் கொள்ளும், அதற்கடுத்து மரச்செக்கில் ஆட்டிய கடலெண்ணெய் ஒரு டின் என்று, ஒவ்வொன்றில் மிச்சமானதைக் கொண்டு அடுத்ததை மொத்தமாக வாங்கினார். ஆயினும் மொத்தமே மலிவு என்று கண்மூடி நம்பியவரும் அல்லர். பிற்காலத்தில், கடலூரில் சின்னி கிருஷ்ணன் தொடங்கிவைத்த சிறு உறைத் தொழில் அவர் மக்களால் வளர்ந்து, ஷாம்பு சாஷே ஊரெங்கும் கடைகளில் சரமாகத் தொங்கத் தொடங்கியபோது, மருமகள் பெரிய பாட்டில் வாங்கி வந்தாள். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டின் அளவையும் விலையையும் படித்துக் கணக்குப் போட்டு, "இதுல சின்னதுதான் லாபங் கண்ணு" என்றார். கணக்கு அவர் சொன்னபடியே இருந்தது. வகுத்துப் பார்க்காமல் நம்பலாகாது என்பதே அவருடைய சித்தாந்தம்.

மூன்றாவது, பிடி அரிசி. உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்துத் தனிப் பானையில் போடுவது நம் தேசத்துப் பெண்களின் பழைய வழக்கம். காஞ்சிப் பெரியவர் அதையே பிடி அரிசித் திட்டமென்று தர்மத்துக்காக வீடுதோறும் பரவச் செய்தார். அம்மாவின் பானை நிறைந்ததும் அதில் பாதி மாரியம்மன் நோன்புக்கும், மீதி, தறி நிற்கும் வாரங்களுக்கும் என்று ஒதுக்கப்படும். எடுக்கும்போது யாருக்கும் வயிறு குறையாது; இருக்கும்போது வயிற்றுக்குப் பயமும் வராது.

அப்பாவின் சிக்கனம் வேறு வகை. அது நூலில் இருந்தது. கொடுத்த நூலின் எடைக்கும் திரும்பி வரும் துணியின் எடைக்கும் கணக்குப் பார்ப்பார்கள். குறைந்தது கூலியில் கழியும். ஆகவே தார்க்குச்சியில் நூல் தீரும் தறுவாயில் தறியை நிறுத்தி நாடாவை மாற்றுவதில் ஒரு நேர்த்தி வேண்டும். முன்னதாக மாற்றினால் குச்சியில் நூல் வீணாகத் தங்கும்; தாமதித்தால் துணியில் ஊடை விட்டுப்போய்க் கோடு விழும். அப்பா தறியின் சத்தத்தைக் கொண்டே இதைக் கண்டுபிடிப்பார். பேசிக்கொண்டிருப்பவர் திடீரென்று எழுந்து போய், கையை நீட்டித் தறியை நிறுத்தி, நாடாவை வெளியே எடுத்துக் காட்டுவார்; குச்சியின் அடியில் விரற்கடை அளவு நூல்கூட இராது. அறுந்து விழுந்த நூலையும் அவர் கூட்டித் தள்ள விடமாட்டார். ஒரு சாக்கில் சேர்த்து வைத்து, வேஸ்ட் வாங்குகிறவர் வரும்போது நிறுத்துக் கொடுப்பார். பட்டறைகளில் எந்திரம் துடைக்க அது போயிற்று.

இந்தக் குணம் எங்கள் வட்டாரம் முழுமைக்கும் பொது என்றே சொல்ல வேண்டும். திருப்பூரில் பனியன் கம்பெனிகளின் வெட்டு மேஜையிலிருந்து விழுகிற துண்டுகளை அங்கே யாரும் குப்பை என்று சொல்வதில்லை. கட்டிங் வேஸ்ட் என்று அதற்கு ஒரு வியாபாரமே நடக்கிறது. பெண்கள் தரையில் உட்கார்ந்து நிறம் பிரித்து மூட்டை கட்டுகிறார்கள். அது மறுபடியும் பஞ்சாக அடிக்கப்பட்டு, பல்லடத்தையும் மங்கலத்தையும் எங்கள் ஊரையும் சுற்றியுள்ள ஓப்பன் எண்ட் (ஓ.இ.) மில்களில் நூலாகி, மீண்டும் தறிக்கு வருகிறது. சட்டைக்கு வெட்டிய துணியின் ஓரம் ஜமுக்காளமாகவும் போர்வையாகவும் மறுபிறவி எடுக்கிறது. ஒரு பிரதேசம் செழிப்பதற்குப் பெரிய முதலும் ஏற்றுமதியும் காரணங்களாக இருக்கலாம்; விழுந்த துண்டைக் குனிந்து எடுக்கக் கூச்சப்படாத ஜனங்களும் ஒரு காரணம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

மிச்சப்படுத்திய காசு எங்கே போயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். ஏனெனில் மிச்சம் பிடித்ததைப் போட்டுவைக்க நல்ல இடமில்லாவிட்டால் சிக்கனமெல்லாம் வியர்த்தமே. ஊரில் சீட்டுகள் பல நடந்தன. ஏலச்சீட்டு, குலுக்கல் சீட்டு, தீபாவளிப் பலகாரச் சீட்டு என்று தெருவுக்கு ஒன்று இருந்தது. ஒரு தீபாவளிக்கு முன் வாரம், சீட்டு நடத்திய ஒருவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட, எங்கள் வீதியில் பல வீடுகளில் அந்த வருஷம் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை. அதுமுதல் அம்மா தபால் ஆபீஸையே நம்பினார். 1882-லிருந்து சேமிப்பு வங்கி நடத்திவரும் அந்த ஸ்தாபனத்தின் கிளை எங்கள் ஊரிலும் இருந்தது. 1972-ல் மத்திய சர்க்கார் மகளிர் முகவர் திட்டத்தைக் கொண்டுவந்த பிறகு, முகவரான ஓர் அம்மையார் மாதந்தோறும் வாசலுக்கே வந்து ஆர்.டி. என்னும் தொடர் சேமிப்புப் பணத்தை வாங்கிக்கொண்டு அட்டையில் கையெழுத்திட்டுப் போவார். அறுபது மாதத் தவணை. ஒரு கணக்கு முதிர்வதற்கு முன்பே இன்னொரு கணக்கை அம்மா தொடங்கி வைத்துவிடுவார். எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் சஞ்சயிகா என்ற சிறுசேமிப்பு இருந்தது. 1924-ல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய சேமிப்பு வங்கிகளின் சர்வதேச மாநாட்டிலிருந்து பிறந்த உலக சிக்கன நாளைப் பற்றி ஆசிரியர் வகுப்பில் பிரசங்கம் செய்வார்; அதை வீட்டில் வந்து நான் சொன்னபோது, வருஷத்தில் ஒரு நாள் போதுமா சாமி என்று அம்மா வியப்போடு கேட்டார்.

இவ்வளவையும் படிப்பவர் எங்கள் வீட்டை இறுகிய வீடென்று நினைத்துவிடலாகாது. அம்மா கை வைக்காத செலவுகள் சில உண்டு. குழந்தைகளுக்குப் பால் குறைந்ததில்லை. புத்தகத்துக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் தவணை சொன்னதில்லை. மொய் எழுதுவதில், நமக்கு வந்ததற்கு ஒரு ரூபாய் கூட்டித்தான் எழுதுவார். வேலைக்கு வந்தவருக்குச் சாப்பாட்டு வேளையில் இலை போடாமல் அனுப்பியதில்லை. அரிசியும் பருப்பும் சோறுதான் என்றாலும் நெய் ஒரு கரண்டி உண்டு. தனக்கு வேண்டியதைக் குறைத்துக்கொள்வது சிக்கனம். பிறருக்குச் சேர வேண்டியதைக் குறைப்பது பாவம் என்ற எல்லைக்கோடு அவர் மனத்தில் தெளிவாக இருந்தது.

அந்த மிச்சத்தின் உண்மையான மதிப்பை நான் கண்டது எண்பதுகளில், கூலி உயர்வு கேட்டு ஊர்த் தறிகளெல்லாம் நின்ற ஒரு காலத்தில். விடியற்காலையில் சோமனூரில் தறிச் சத்தம் கேட்கவில்லை என்றால் ஊரே நோயில் விழுந்ததுபோல் இருக்கும். முதல் வாரம் எல்லோரும் உறுதியாக இருந்தார்கள். இரண்டாம் வாரத்தில் கடைக்காரர்கள் கடன் கொடுக்கத் தயங்கினார்கள். மூன்றாம் வாரத்தில், பழைய கூலிக்கே ஓட்டுகிறோம், பாவு கொடுங்கள் என்று இரவோடிரவாகச் சிலர் போய் வந்ததாகப் பேச்சு எழுந்தது. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். குழந்தை பசித்து அழும் வீட்டில் கொள்கை நெடுநேரம் நிற்பதில்லை. எங்கள் வீட்டில் அந்த மாதம்தான் ஓர் ஆர்.டி. முதிர்ந்திருந்தது, பிடி அரிசிப் பானையும் நிறைந்திருந்தது. அம்மா அந்த அரிசியில் பக்கத்து வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் முறத்தில் அளந்து கொடுத்தார். "தறி ஓட்டறப்பத் திருப்பிக் குடுத்தாப் போதுமுங்" என்று மட்டும் சொன்னார். அந்த மூன்று வீடுகளிலும் பேச்சுவார்த்தை முடியும்வரை தறி ஓடவில்லை.

வள்ளுவர் வருவாய்க்கு அடங்கிச் செலவிட வேண்டும் என்ற விஷயத்தை வைத்திருக்கும் இடத்தை நான் அதற்குப் பிறகுதான் கவனித்தேன். வறுமையைப் பற்றிய அதிகாரத்திலோ துறவைப் பற்றிய அதிகாரத்திலோ அதை அவர் வைக்கவில்லை. அரசியலில், வலியறிதல் என்ற 48-ஆம் அதிகாரத்தில், ஓர் அரசன் போருக்குப் போகுமுன் தன் வலியையும் பகைவன் வலியையும் துணைவர் வலியையும் எடைபோட வேண்டிய இடத்தில் வைத்திருக்கிறார். அந்த அதிகாரத்தின் கடைசி நான்கு குறள்களும் பொருளின் அளவறிந்து கொடுப்பதையும் வாழ்வதையும் பற்றியவை. வருவது சிறுகினாலும் போவது பெருகாதிருந்தால் கேடில்லை என்று அவர் சொல்லும்போது, மிச்சம் என்பது ஒருவனுடைய வலிமையின் ஓர் அங்கம் என்றே சொல்கிறார். கூலிக்காரன் வீட்டில் இது முற்றிலும் உண்மை. மிச்சமில்லாதவன் முதலாளி சொன்ன கூலிக்கு மறுநாளே இணங்க வேண்டும்; மிச்சமுள்ளவன் ஒரு மாதம் நின்று, தன் உழைப்புக்கு என்ன விலை என்று நிமிர்ந்து கேட்கலாம்.

இதையே நான் முதுமையில் மறுபடியும் பார்த்தேன். 2021 நவம்பரில் அமைச்சர்கள் முன்னிலையில் நடந்த பேச்சில் சோமனூர் ரகத்துக்கு 23 சதவீதமும் மற்ற ரகங்களுக்கு 20 சதவீதமும் கூலி உயர்வு என்று முடிவாகியும், அது நடைமுறைக்கு வராமற் போகவே, 2022 ஜனவரியில் கோவை, திருப்பூர் ஜில்லாக்களின் கூலி நெசவாளர்கள் தறிகளை நிறுத்தினார்கள். ஒரு மாதத்துக்கு மேல் அந்த நிறுத்தம் நீடித்தது. அப்போது எங்கள் வீதியில் உறுதியாக நின்ற வீடுகளையும் தளர்ந்த வீடுகளையும் பார்த்தால், வருமானத்தில் அவற்றிடையே பெரிய பேதமில்லை, கையிருப்பில் இருந்தது.

இக்காலத்துப் பிள்ளைகளுக்குச் சிக்கனம் பிடிக்காது என்ற பேச்சை நான் ஒப்புக்கொள்வதில்லை. அவர்கள் கையில் காசு கடந்து போகும் விதம் மாறிவிட்டது. 2016-ல் யு.பி.ஐ. வந்தபின் பேக்கரியில் டீ குடித்தவன் கல்லாவின் மேலிருக்கும் கியூ.ஆர். சதுரத்தைச் செல்போனால் படம் பிடித்துவிட்டு நகர்கிறான்; நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது விரல் உணர்ந்த இழப்பை இப்போது விரல் உணர்வதில்லை. 25 காசு நாணயம் 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு செல்லாததாகிவிட்டது; இப்போது ரூபாயே கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. ஆனால் அதே போனில், எந்தக் கடைக்கு எந்த நிமிஷத்தில் எவ்வளவு போயிற்று என்பது ஒரு வரி விடாமல் பதிவாகியிருக்கிறது. அம்மா காலண்டர்த் தாளில் சிரமப்பட்டு எழுதியதை எந்திரம் தானே எழுதி வைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வாசிப்பதற்குத்தான் ஆள் இல்லை. என் பேரன் திருப்பூரில் ஒரு கம்பெனியில் பேட்டர்ன் வேலை பார்க்கிறான். அவனை வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டேன். 15 ரூபாய் டீ ஒன்றைத் தினமும் குறைத்தால் மாதம் 450 ரூபாய். அதைத் தபால் ஆபீஸ் ஆர்.டி.யில் போட்டால், 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த 6.7 சதவீத வட்டியில், 60 மாதத்தில் கட்டிய 27,000 ரூபாய் ஏறக்குறைய 32,000 ரூபாயாகிறது. பஸ்ஸை விட்டு ரயிலில் சீசன் டிக்கெட் எடுத்துப் போனால் மிச்சமாவதையும் அவனே கூட்டிக்கொண்டான்.

ஒன்றை மாத்திரம் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஏழையைப் பார்த்து, நீ டீயைக் குறைத்தால் உன் கஷ்டம் தீரும் என்று வசதியுள்ளவர்கள் சொல்லும்போது அது தர்மமாகாது. எந்தச் சிக்கனமும் நியாயமான கூலிக்கு ஈடாகாது. பிடி அரிசி, உலைக்கு அரிசி இருக்கும் வீட்டில்தான் எடுக்க முடியும். தறியடியில் நின்று உழைக்கிறவனுக்கு உரிய கூலியைக் கொடுக்க வேண்டியது தொழில் நடத்துகிறவர்களின் கடமை. அதைக் கொடுக்கச் செய்ய வேண்டியது சர்க்காரின் கடமை. ஆனால் அந்தக் கடமைகளை அவர்கள் செய்யும்வரை கேட்டுக்கொண்டே நிற்பதற்கு நமக்கும் தெம்பு வேண்டுமல்லவா? அந்தத் தெம்பைப் பிறரிடம் கடன் வாங்க முடியாது. வாரக் கூலி கைக்கு வந்த அன்று முதலில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைத்து, மீதியில் ஒவ்வொரு செலவுக்கும் பெயர் வைத்து எழுதி, எழுதியதை வீட்டார் கூடியிருந்து படித்துப் பார்க்கும் குடும்பங்கள் எங்கள் ஊரில் பெருகட்டும். அடுத்த முறை கூலி பேச உட்காரும்போது நெசவாளர் தரப்பு அவசரப்படாமல் பேசும்.